பார்வையற்ற மாணவர்களுக்கு வாசித்தலும் தேர்வு எழுதித் தருதலும்

பார்வையற்ற மாணவர்களுக்கான மையங்களில் தன்னார்வலர்கள் செய்யும் பணிகளுள் முதன்மையானவை இரண்டு. ஒன்று, பாடநூலை வாசித்துக் காட்டுவது அல்லது ஒலிப்பதிவு செய்து தருவது. மற்றொன்று, தேர்வறையில் மாணவர் சொல்லும் விடையை விடைத்தாளில் எழுதித் தருவது. இரண்டாவது பணியைச் செய்பவரைத் தேர்வுத்துறை ‘சொல்வதை எழுதுபவர்’ என்று குறிப்பிடும். மாணவர்கள் வழக்கில் அவர் ‘ஸ்கிரைப்’. இக்கட்டுரையில் சுருக்கம் கருதி எழுத்தர் என்று வழங்கப்படுகிறது.

எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் செய்துவிடலாம் என்றுதான் இவ்விரு பணிகளைப் பற்றியும் முதலில் தோன்றும். ஆனால் துணைக்கு வருபவர் தம்முடைய அறிவை எவ்வளவு உள்ளே அடக்கி வைத்திருக்கிறாரோ அவ்வளவு நன்றாக இவை நடக்கும். விடைத்தாளில் இருப்பது முழுவதும் மாணவரின் விடையாக இருக்க வேண்டும். எழுதும் கை மட்டுமே வேறொருவருடையது. கீழே சொல்லப்படும் நடைமுறைகள் பெரும்பாலும் இதிலிருந்து பிறந்தவையே.

தேவை எங்கிருந்து வருகிறது

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 2.68 கோடிப் பேர். அவர்களுள் பார்வைக் குறைபாடு உடையவர்கள் சுமார் 50 லட்சம். இந்தியாவில் பார்வையற்றோருக்கான முதல் பள்ளி 1887இல் அமிர்தசரசில் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே பாளையங்கோட்டையிலும் ஒரு பள்ளி ஏற்பட்டது. ஆகவே தமிழ்நாட்டுக்கு இக்கல்வி புதிதன்று.

பிரெயில் எழுத்து ஆறு புள்ளிகளை வெவ்வேறு வகையில் அமைத்து உருவாக்கப்பட்டது. இந்திய மொழிகளுக்குப் பொதுவாக அமைந்த பாரதி பிரெயில் முறையில் தமிழையும் எழுதலாம். ஆனால் பிரெயில் நூலுக்குத் தடித்த தாள் வேண்டும். புள்ளிகள் புடைத்து நிற்பதால் பக்கங்களை நெருக்கி அடுக்கவும் முடியாது. நாம் பையில் போட்டு எடுத்துச் செல்லும் ஒரு பாடநூல் பிரெயிலில் பல தொகுதிகளாக விரியும். பள்ளிப் பாடநூல்கள் வரை இது ஓரளவு சமாளிக்கப்படுகிறது. கல்லூரிக்குப் போனதும் நிலைமை மாறுகிறது. வரலாற்றுத் துறையில் ஒரு தாளுக்குப் பேராசிரியர் ஐந்து நூல்களைப் பார்க்கச் சொல்வார். அவற்றுள் ஒன்றுகூடப் பிரெயிலில் இருக்காது. மற்ற மாணவர்கள் நகலெடுத்துப் படிக்கும் கையெழுத்துக் குறிப்புகள் அவர்களுக்கு வெறும் தாள். பிறவியிலேயே பார்வை இல்லாதவர்கள் போக, பதினைந்து இருபது வயதில் பார்வையை இழந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுள் பலருக்குப் பிரெயில் பழக்கமே இருப்பதில்லை. வாசித்துக் காட்ட ஆள் தேவைப்படுவது இங்கேதான்.

உதவிக்கு வருபவர் மீதான ஐயமும் பழையதே. பார்வையும் கேள்வியும் இழந்த ஹெலன் கெல்லர் 1899இல் ராட்கிளிஃப் கல்லூரியின் நுழைவுத் தேர்வை எழுதியபோது, அவருடைய ஆசிரியை ஆனி சல்லிவன் வினாத்தாளை அவருக்கு வாசித்துக் காட்டக் கல்லூரி அனுமதிக்கவில்லை. வேறொருவரைக் கொண்டு வினாத்தாள் பிரெயிலில் பெயர்த்துத் தரப்பட்டது. கணக்குத் தேர்வில் இருந்த பிரெயில் குறியீடுகள் தமக்குப் பழக்கமில்லாமல் தாம் திண்டாடியதைக் கெல்லர் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். உதவி செய்பவரை நம்பாமல் செய்த ஏற்பாடு, தேர்வரின் அறிவை அளப்பதற்குப் பதிலாக வேறெதையோ அளந்துவிட்டது.

சட்டமும் விதிகளும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இந்தியாவில் இப்போது நடைமுறையில் உள்ள சட்டம். எழுத்துத் தேர்வுகளுக்கான நெறிமுறைகளை மத்திய சமூகநீதி அமைச்சகம் 2018 ஆகஸ்டில் வெளியிட்டது. தன்னார்வலர் இவற்றுள் சிலவற்றையேனும் அறிந்திருப்பது நல்லது. தேர்வு மையத்தில் கண்காணிப்பாளர்க்கே இவை தெரியாமல் இருப்பதுண்டு.

தேர்வு நேரத்தில் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் ஈட்டு நேரம் தர வேண்டும். மூன்று மணி நேரத் தேர்வு எனில் நான்கு மணி நேரம் கிடைக்கும். பிரெயில், கணினி, பெரிய எழுத்து, விடையை ஒலிப்பதிவு செய்தல் ஆகியவற்றுள் தமக்கு ஏற்ற முறையைத் தேர்வரே தேர்ந்துகொள்ளலாம். எழுத்தர் வைத்துக்கொள்வது அவ்வழிகளில் ஒன்று மட்டுமே. எழுத்தரைத் தேர்வு நடத்தும் அமைப்பே தருவதாயின், தேர்வுக்கு இரண்டு நாள் முன்பே அவரைச் சந்தித்துப் பார்க்கத் தேர்வருக்கு வாய்ப்புத் தர வேண்டும். வெவ்வேறு தாள்களுக்கு, குறிப்பாக மொழித்தாள்களுக்கு, வெவ்வேறு எழுத்தர்களை வைத்துக்கொள்ளலாம். அவசரத்துக்கு ஆளை மாற்றவும் இடமுண்டு.

பார்வையற்றோருக்கு மட்டும் உரியதன்று இவ்வசதி. எழுதும்போது கை பிடித்துக்கொள்ளும் குறைபாடு உடைய ஒரு குடிமைப் பணித் தேர்வர் தொடுத்த வழக்கில், நாற்பது விழுக்காடு என்ற வரம்பைக் காட்டி எழுத்தரை மறுக்க முடியாது என்று உச்சநீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அதன் பின்னர் 2022இல் தனி நெறிமுறைகளும் வந்தன.

தமிழ்நாட்டில் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளுக்கு எழுத்தரைத் தேர்வுத்துறையே நியமிக்கிறது. பெரும்பாலும் அவர் ஆசிரியராக இருப்பார். தன்னார்வலர் தேவை கூர்மையாவது கல்லூரிப் பருவத் தேர்வுகளிலும், தேர்வரே ஆளை அழைத்துவர வேண்டிய போட்டித் தேர்வுகளிலும்தான். இங்கே பலரும் எதிர்பாராத ஒரு விதி இருக்கிறது. தேர்வர் தாமே அழைத்துவரும் எழுத்தரின் கல்வித் தகுதி தேர்வரின் தகுதியைவிட ஒருபடி குறைவாக இருக்க வேண்டும் என்று 2018 நெறிமுறை வகுத்தது. பட்டதாரி ஒருவர் வேலைக்கான தேர்வு எழுதினால், பட்டம் முடித்தவர் அவருக்கு எழுத்தராக அமர முடியாது. என்னைப் போன்ற ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இவ்விதியால் பல தேர்வறைகளின் வாசலோடு நின்றுவிடுகிறோம். அவ்விடத்துக்கு வேண்டியவர்கள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களும் கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர்களும். இக்கட்டுரையை வாசிக்கும் மாணவர்களுள் பெரும்பாலோர் அந்தத் தகுதியில்தான் இருப்பீர்கள்.

பல்கலைக்கழகங்களும் தேர்வாணையங்களும் தத்தமக்கெனத் தனி விதிகள் வைத்திருக்கின்றன. அவை அவ்வப்போது மாறவும் செய்கின்றன. ஆதலால் அந்தந்தத் தேர்வின் அறிவிக்கையைப் படித்துவிட்டே ஒப்புக்கொள்ள வேண்டும். உறுதிமொழிப் படிவம், அடையாள அட்டை, கல்விச் சான்று ஆகியவை பெரும்பாலும் எல்லா இடங்களிலும் கேட்கப்படுபவை.

தேர்வறைக்குள்

வினாத்தாள் கைக்கு வந்ததும் முதலில் அதை முழுவதும் ஒருமுறை வாசித்துவிட வேண்டும். எந்தப் பகுதியில் எத்தனை கேள்வி, எத்தனை மதிப்பெண், எதில் எதைத் தேர்ந்துகொள்ளலாம் என்பது வரை அனைத்தும். கண்ணுள்ள மாணவர் வினாத்தாளைப் புரட்டிப் பார்த்து இரண்டு நிமிடத்தில் செய்துகொள்ளும் திட்டத்தைப் பார்வையற்ற மாணவர் காதால் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். எங்கிருந்து தொடங்குவது என்பதை அவரே சொல்வார்.

எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று புதிதாக வருபவர்கள் தடுமாறுவார்கள். தாளைப் பார்த்தாலே தெரியக்கூடியவற்றை எல்லாம் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். “இந்த விடை ஒன்றரைப் பக்கம் வந்திருக்கிறது”, “இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது”, “பன்னிரண்டாவது கேள்வியை விட்டுவிட்டுப் பதிமூன்றுக்கு வந்திருக்கிறோம்” என்பவை தாளையும் கடிகாரத்தையும் பார்த்தால் தெரிபவை. எழுதியதைத் திரும்ப வாசிக்கச் சொன்னால் எத்தனை முறையானாலும் வாசிக்க வேண்டும். கேள்வியின் பொருளை விளக்குவதும் “அது இல்லையே, நன்றாக யோசியுங்கள்” என்பதும் நாம் படித்திருப்பதால் தெரிபவை. அவற்றுக்கு அங்கே இடமில்லை.

வாயைத் திறக்காமலேயே குறிப்புக் கொடுத்துவிட முடியும் என்பதுதான் இதில் உள்ள சிக்கல். வேலூர்ப் புரட்சி நடந்த ஆண்டு 1857 என்று மாணவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சரியான விடை 1806 என்பது எழுத்தருக்குத் தெரியும். பேனா ஒரு கணம் நின்றால் போதும், காதையே கண்ணாகக் கொண்டு பழகிய மாணவர் அதைக் கேட்டுவிடுவார். உடனே “இருங்கள், மாற்றிக்கொள்கிறேன்” என்பார். கொள்குறி வினாக்களில் இது இன்னும் எளிதாக நடக்கும். நான்கு விடைகளை வாசிக்கும்போது சரியான விடையில் குரல் தானாக அழுந்தும். ஆசிரியர்களுக்கு இந்தப் பழக்கம் ஊறிப்போனது. வகுப்பில் விடையை வரவழைப்பதற்காகவே அப்படி வாசிப்போம். தேர்வறையில் நான்கையும் கடைக்காரர் சாமான் சீட்டை வாசிப்பதுபோல ஒரே தட்டையான குரலில் வாசிக்க வேண்டும்.

இரட்டைப் புலவர்களைப் பற்றிய கதையில் ஒருவர் வெண்பாவின் முதல் பாதியைப் பாட, மற்றவர் மீதியைப் பாடி முடிப்பார். ஒருவர் பார்வையற்றவர், மற்றவர் நடக்க இயலாதவர். தமிழில் ஒருவருக்கொருவர் துணை என்பதற்கு இதைவிட அழகான எடுத்துக்காட்டு இல்லை. தேர்வறையில் அப்படி முடித்துவைத்தால் அதற்கு முறைகேடு என்று பெயர். பிடிபட்டால் தேர்வு ரத்தாவது மாணவருக்குத்தான். அடுத்த ஆண்டு அந்த மையத்தில் எழுத்தரோடு வரும் எல்லா மாணவரையும் ஐயத்தோடு பார்ப்பார்கள்.

எழுத்துப்பிழையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மாணவர் ‘மணம்’ என்று சொன்னாரா, ‘மனம்’ என்று சொன்னாரா என்பது ஒலியில் எல்லோரிடமும் தெளிவாக விழுவதில்லை. அரம், அறம், பல்லி, பள்ளி என்று இப்படிப் பல சொற்கள் உண்டு. வரலாற்றுத் தாளில் எழுத்தர் வழக்கமான எழுத்துகளில் எழுதிவிடலாம். தமிழ்த்தாளில் எழுத்துப்பிழைக்கே மதிப்பெண் குறையும் என்பதால், சந்தேகம் வரும் சொல்லுக்கு “எந்த ன?” என்று கேட்க வேண்டியிருக்கும். அதைத் தவறாகச் சொல்லும் இடத்தில் மட்டும் கேட்டால் அதுவே குறிப்பாகிவிடும். ஆகவே சரியாகச் சொன்னாலும் தவறாகச் சொன்னாலும் ஒன்றுபோலக் கேட்பது என்று முன்கூட்டியே இருவரும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். பிரெயில் படித்து வளர்ந்தவர்கள் இதில் தயங்குவதில்லை. ஒவ்வோர் எழுத்தையும் விரலால் தொட்டு அறிந்தவர்கள் அவர்கள். ஒலிப்பதிவை மட்டும் கேட்டுப் படித்தவர்களுக்கே இது இடறும். கைப்பேசி வந்துவிட்டது, இனிப் பிரெயில் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். எழுத்துக்கூட்டல் தெரிய வேண்டுமானால் பிரெயில் வேண்டும் என்பதே என் கருத்து.

கணக்கில் வேறு வகைத் தொல்லை. “எக்ஸ் கூட்டல் இரண்டின் வர்க்கம்” என்று வாசித்தால், இரண்டை மட்டும் வர்க்கப்படுத்துவதா, எக்ஸ் கூட்டல் இரண்டு முழுவதையுமா? காதில் இரண்டும் ஒன்றே, விடை வேறு. “அடைப்புக்குறி திற, எக்ஸ் கூட்டல் இரண்டு, அடைப்புக்குறி மூடு, முழுவதன் வர்க்கம்” என்று வாசிக்க வேண்டும். பின்னத்தில் தொகுதி எங்கே முடிகிறது, வர்க்கமூலக் குறி எது வரை நீள்கிறது என்பதையும் அப்படியே சொல்ல வேண்டும். தொகுதி, பகுதி என்ற சொற்கள் எழுத்தருக்கே மறந்துபோயிருந்தால் முதல் நாள் எட்டாம் வகுப்புப் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பதில் வெட்கமில்லை.

விடைக்குறிப்புத் தாளில் வட்டத்தைக் கருமையாக்கும் தேர்வுகளில், ஒவ்வொரு முறையும் கேள்வி எண்ணை உரக்கச் சொல்லிக் குறிக்க வேண்டும். ஒரு வரி தவறினால் அதன்பின் வரும் அத்தனையும் தவறும்.

இவை எல்லாம் ஒரே நாளில் கைவராது. பேச்சு எழுத்தைவிடப் பல மடங்கு வேகமானது; மாணவர் சொல்லும் வேகத்தையும் எழுத்தர் எழுதும் வேகத்தையும் பொருத்திக்கொள்ள இரண்டு மூன்று மாதிரித் தேர்வுகளாவது வேண்டும். எழுத்தராக அமர முடியாத எங்களைப் போன்றவர்கள் செய்யக்கூடியது இது. பழைய வினாத்தாளைக் கொண்டு முழு நேரத் தேர்வை மையத்திலேயே நடத்திப் பார்க்கிறோம். இப்போதைய மாணவர்கள் பலர் கைப்பேசியில் தட்டச்சிட்டே பழகியவர்கள். நான்கு மணி நேரம் தொடர்ந்து எழுதினால் அவர்களுடைய விரல் என்ன பாடுபடும் என்பது அப்போதுதான் அவர்களுக்கே தெரியும்.

வாசிப்பும் ஒலிப்பதிவும்

நேரில் வாசிப்பது எப்போதும் சிறந்தது. மாணவர் இடையில் நிறுத்தலாம், கேட்கலாம், ஒரு பத்தியை மூன்று முறை வாசிக்கச் சொல்லலாம். வகுப்பறையில் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு கேட்ட பாடத்தோடு ஒப்பிட்டு, “எங்கள் சார் இதை வேறு மாதிரி சொன்னாரே” என்பார்கள். தேர்வறையைப் போலன்றி இங்கே தெரிந்ததைச் சொல்லத் தடையில்லை. ஆனால் நூலில் உள்ளது எது, நாம் சேர்த்துச் சொல்வது எது என்று பிரித்துக் காட்ட வேண்டும்.

ஒலிப்பதிவில் முதலில் நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். பக்கம் மாறும்போது பக்க எண்ணைச் சொன்னால் பிற்பாடு மேற்கோள் காட்ட உதவும். இயலுக்கு ஒரு கோப்பு என்று பிரித்தல் நலம். மூன்று மணி நேரம் ஒரே கோப்பாக ஓடினால் வேண்டிய இடத்தைத் தேடி எடுக்க முடியாது. அட்டவணையை இடமிருந்து வலமாக வரிவரியாக, ஒவ்வொரு முறையும் பத்தியின் தலைப்பைச் சொல்லி வாசிக்க வேண்டும். படம் இருந்தால் அதில் இருப்பதை இரண்டு வரியில் சொல்லிவிட்டு நகரலாம். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும்; அதன் இரைச்சல் நம் காதுக்குத் தெரியாது, பதிவில் தெரியும். குக்கர் விசிலையும் காக்கையையும் ஒன்றும் செய்ய முடியாது. நாடகம்போல ஏற்ற இறக்கத்தோடு வாசிப்பதைச் சிலர் விரும்பிச் செய்கிறார்கள். கதைக்கு அது சரி. பொருளாதாரப் பாடத்துக்கு வேண்டாம். பல மாணவர்கள் பதிவை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பார்கள்.

பதிப்புரிமை பற்றிக் கேட்பவர்கள் உண்டு. 2012இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவத்துக்கு நூல்களை மாற்றுவதை, வணிக நோக்கம் இல்லாதவரை, அனுமதிக்கிறது. இதே நோக்கத்துக்கான மாரக்கேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலாவதாக ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. அப்படி மாற்றப்பட்ட நூல்களுக்கென ‘சுகம்ய புஸ்தகாலயா’ என்ற இணைய நூலகம் 2016 முதல் இயங்குகிறது. பொதுவெளியில், யூடியூப் போன்ற தளங்களில், எல்லோரும் கேட்கும்படி ஏற்றுவதற்கு இந்த விலக்கு பொருந்தாது.

கணினித் திரையில் உள்ளதை வாசிக்கும் என்விடிஏ போன்ற இலவச மென்பொருள்கள் வந்தபின் பார்வையற்ற மாணவர்கள் பலர் தாமே படித்துக்கொள்கிறார்கள். ஆனால் தமிழில் ஒரு தடை உண்டு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட கோப்பை அம்மென்பொருள் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக வாசிக்கும். வருடியெடுத்த பக்கங்கள் வெறும் படம் என்பதால் அங்கே அது ஒன்றும் வாசிக்காது. ஒருங்குறிக்கு மாற்றுவதும், எழுத்துணரி மென்பொருள் தந்த உரையைப் படித்துத் திருத்துவதும் வீட்டில் இருந்தபடியே செய்யத்தக்க தன்னார்வப் பணி. துணைக்காலை ‘ர’ என்றும், ‘ஏ’யை ‘எ’ என்றும் எழுத்துணரி குழப்பும். பொறுமை மட்டும் வேண்டும்.

மையத்தில் நடந்துகொள்ளும் முறை

அறைக்குள் நுழைந்ததும் பெயரைச் சொல்ல வேண்டும்; வெளியேறும்போதும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஆளில்லாத நாற்காலியோடு ஒருவரைப் பேசவைப்பது மரியாதையன்று. வழிகாட்டும்போது அவர் கையைப் பிடித்து இழுக்காமல் நம் முழங்கைக்கு மேலே அவர் பிடித்துக்கொள்ளும்படி அரையடி முன்னால் நடக்க வேண்டும். வெள்ளைக் கோலைத் தொடக்கூடாது. நாற்காலியை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும். கதவு முழுதாகத் திறந்திருக்கலாம், மூடியிருக்கலாம். பாதி திறந்த கதவு நெற்றியைப் பதம் பார்க்கும். அரசு வழக்கில் மாற்றுத்திறனாளி என்ற சொல் நிலைத்துவிட்டது. தம்மைப் பார்வையற்றோர் என்றே சொல்லிக்கொள்பவர்களும் பலர். அவரவர் பெயரைச் சொல்லி அழைத்தால் இந்தச் சிக்கலே எழாது.

பிறந்தநாள், திருமணநாள் என்று மதிய உணவு தர மையங்களுக்கு ஆட்கள் வருகிறார்கள். நல்ல செயல்தான். ஆனால் நவம்பரிலும் ஏப்ரலிலும் பருவத் தேர்வுகள் வரும்போது கைகள் குறைந்துவிடுகின்றன. எழுத்தராக வருவதாகச் சொல்லும் கல்லூரி மாணவருக்கும் அதே வாரத்தில் தேர்வு இருக்கும் என்பது முக்கியமான காரணம். ஒப்புக்கொள்வதற்கு முன் உங்கள் தேர்வு அட்டவணையையும் அவருடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காலை ஒன்பது மணிக்கு எழுத்தர் வராவிட்டால் பார்வையற்ற மாணவர் நன்றாகப் படித்திருந்தும் அந்தத் தாளில் அரியர் வைப்பார். மறுபடி எழுத ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். காய்ச்சல் வருவது யார் கையிலும் இல்லை. முதல் நாள் இரவே சொல்லிவிட்டால் மையத்தினர் மாற்று ஆளைத் தேடி, அனுமதிக் கடிதத்தோடு அனுப்பிவைப்பார்கள்.

தேர்வு முடிந்து வெளியே வந்ததும் வினாத்தாளை இன்னொரு முறை வாசித்துக் காட்டச் சொல்வார்கள், எத்தனை மதிப்பெண் தேறும் என்று கணக்குப் பார்க்க. “பதினாலாவது கேள்விக்கு என்ன விடை?” என்றும் கேட்பார்கள். அப்போது தெரிந்ததைச் சொல்லலாம்.